நாழியின் அடிப்பக்கம்

கொல்லம் 1126 ஆவணி 1, வியாழன்

காலையில் சாரல். ஆரல்வாய்மொழிக் காற்று இன்னும் அடங்கவில்லை. முற்றத்துப் பந்தல்கால் இரண்டு சாய்ந்து கிடக்கின்றன. புது வருடம், புது நோட்டு. பேனா கசிகிறது.

பேத்தி செண்பகத்துக்கு வரும் வியாழன் கல்யாணம். எனக்குத் தந்த வேலை: பித்தளைச் சாமான்களை எண்ணித் தேய்ப்புக்காரியிடம் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குவது. இதற்கு மேல் என்னிடம் தரமாட்டார்கள். நியாயம்தான்.

குத்துவிளக்கு 4. உருளி 3. தாம்பாளம் 7. கிண்டி 2. நிறைநாழி வைக்கும் நாழி 1. சரி.

தேய்ப்புக்காரி நாழியை ஈரம் வடியக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் மகள் வீட்டோடு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்ததில்லை. புளி பட்டதும் வட்டமாக எழுத்துகள் தெரிகின்றன. தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை. நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வில்லை, தனியாகச் செய்து திருகியது போல.

இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சர்வே ஆபீசில் நான் படம் வரைந்த காலத்தில், துரை மேஜையில் சுருட்டுச் சாம்பல் தட்ட வைத்திருந்தார். பீரங்கித் தோட்டாவின் கூடு. அதன் நடு வில்லையில் ஒரு குழி இருந்தது. குண்டு சுட்டபோது ஊசி குத்திய குழி என்று சொன்னார்.

இதில் குழி இல்லை.

உலகம்மையிடம் (மருமகன் கணபதியின் அம்மா) இது எங்கே வாங்கியது என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். "வாங்கவா? அவ்வோ, கணபதிக்க அப்பா, மொத யுத்தத்துக்குப் போயிட்டு வரச்ச பாஸ்ராவுல இருந்து கொண்டாந்தது. இந்தப் பறக்கை ஊருல எந்த வீட்டுல உண்டும் இப்பிடி நாழி?"

ராச்சாப்பாடு வேண்டாம் என்றேன். 

ஆவணி 2, வெள்ளி

மேகம். மழை இல்லை. பந்தல்கால் நிமிர்த்தினார்கள்.

எல்லாரும் குளிக்கப் போனபோது நாழியை அறைக்கு எடுத்துவந்து அளந்தேன். பழைய ஸ்கேல், கவராயம், நூல்.

உயரம் ஐந்தேகால் அங்குலம். வாயின் குறுக்களவு மூன்று அங்குலத்துக்கு அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) குறைவு. அடி விளிம்பு மூன்றேகால். வாய் அறுத்த வாய் அல்ல. செய்தபோதே இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை. துரையின் மேஜையில் இருந்தது இதைப்போல இரண்டு மடங்கு உயரம். பீரங்கித் தோட்டா இத்தனை குட்டையாக இருக்குமா? அப்படியானால் இது தோட்டாவே அல்லவோ? கொள்ளளவு: நெல் ஒன்றேமுக்கால் நாழி. பெயர் மட்டும் நாழி. உள்ளே கைவிட்டால் அடியில் ஒரு குமிழ் தட்டுப்படுகிறது.

மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். பிறையும் நட்சத்திரமும் விழுந்தன. வில்லையின் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு சிறு பள்ளம். நடுவில் வழவழப்பு. காகிதம் நகர்ந்ததால் ஒரு கோடு இழுபட்டது. இரண்டாம் படி எடுத்தேன். அதுவும் அப்படியே.

பயத்துக்குக் காரணத்தை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எழுதினால் குறையும்.

இந்த வீட்டு வழக்கம்: தாலி கட்டுமுன் விளக்கருகே தரையில் ஒரு வெள்ளிச் சக்கரக் காசு வைப்பார்கள். பெண்ணின் தாய் நாழி நிறையப் புதுநெல் அள்ளி, நெல் அடங்க அந்தக் காசின் மேல் மூன்று முறை ஓங்கித் தட்டி வைப்பாள். சக்கரம் சிறு காசு. வில்லையைவிடச் சிறிது. இத்தனை வருடம் சாணம் மெழுகிய மண்தரை. காசு தரைக்குள் அமுங்கியது. கல்யாணத்துக்காகக் கணபதி பெர்மிட்டில் சிமெண்டு வாங்கி இந்த ஆடியில் நடுக்கூடத்துக்குத் தளம் போட்டுவிட்டார். காசு அமுங்காது, நேரே வில்லையில் இடிக்கும்.

தட்டப் போவது என் மகள் பகவதி. பக்கத்தில் செண்பகம் நிற்பாள்.

குறையவில்லை.

ஆவணி 3, சனி

கல்யாணத் துண்டு நாலு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இடலாக்குடி. காலை 8.20 பஸ். துணிக்கடை மீரான் சாகிபு பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர், அரபு எழுத்து தெரிந்தவர். துண்டு எடுத்தபின் காகிதத்தை நீட்டினேன்.

"பிள்ளைவாள், இத எந்தக் கபர்க்கல்லுலேருந்து எடுத்தீரு?"

ஒரு பாத்திரத்திலிருந்து என்றேன். பொய் அல்ல.

கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "எழுத்து நாங்க ஓதுத எழுத்துதான். பாஷை வேற. துருக்கியா இருக்கணும். இந்த நம்பர மட்டும் வாசிக்கலாம். ஆயிரத்து முந்நூத்து இருவத்தேழு. வருசமாட்டுத்தான் இருக்கும். இப்ப ஹிஜ்ரி ஆயிரத்து முந்நூத்து அறுவத்தொம்பது. நீரு கணக்குக்காரரு, கழிச்சுப் பாரும்."

"நாற்பத்திரண்டு."

"ஒம்ம பாத்திரத்துக்கு வயசு நாப்பத்திரெண்டு. அதுக்கு என்னத்துக்கு முகம் இப்பிடி வெளிறுது? மந்திரம் ஒண்ணும் எழுதல்ல. பயப்படாண்டாம்."

பாத்திரம் அல்ல, தோட்டா என்று நினைக்கிறேன் என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கடையாளைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார். "ராஜாக்கமங்கலத்துல ஞானமுத்துன்னு ஒரு ஹவில்தார். பீரங்கிப் பட்டாளத்துல இருந்தவரு. நான் சொன்னேன்னு சொல்லும்."

திரும்பும்போது குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

ஆவணி 4, ஞாயிறு

நல்ல வெயில். குடை இல்லை. ராஜாக்கமங்கலத்துக்கு நடந்தே போனேன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. ஞானமுத்து கோயிலில் ஆராதனை முடிந்து வந்து வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது காது கேட்காது. காகிதத்தைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டார்.

"இது எங்கேருந்து கிட்டிச்சு சாரே?"

அளவுகளை வாசித்தேன். அவர் விரலால் காற்றில் உயரத்தை அளந்தார். "குட்டைன்னு சந்தேகப்பட்டீராக்கும். இது மலைப் பீரங்கிக்கு உள்ளது. நான் அந்தப் பட்டாளந்தான். பீரங்கிய அஞ்சாறு துண்டாக் கழட்டி கோவேறு கழுத மேல ஏத்திக் கொண்டு போவோம். குட்டிப் பீரங்கி, குட்டித் தோட்டா. ஆனா இது நம்ம தோட்டா இல்ல. நம்ம ஆளச் சுட வச்சிருந்த தோட்டா. அதான் ஒமக்குப் பிடி கிட்டல்ல."

அப்புறம் நடு வட்டத்தைத் தொட்டார். "இதான் கேப்பு. இதுக்குள்ளயும் மருந்து உண்டு. ஊசி வந்து குத்தினா குழி விழும். இதுல விழல்ல."

"என் படியில் தவறு இருக்கலாம். காகிதம் நகர்ந்தது."

"எழுத்து விழுந்திருக்கு. இந்த ரெண்டு பள்ளம் விழுந்திருக்கு. குழி மட்டும் வெக்கப்பட்டுப் போச்சா?"

குண்டில்லாமல் வெறும் கூடாக எப்படி வந்தது என்று கேட்டேன். எவனோ குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிவிட்டுப் பித்தளைக்காக எடுத்திருப்பான், பட்டாளத்தில் அது வழக்கம், கேப்பைக் கழற்ற மட்டும் தெரியாது என்றார். சிமெண்டுத் தரையையும் சக்கரத்தையும் மூன்று தட்டையும் சொன்னேன். 

"சாரே, பீரங்கிக்குள்ள இருக்கப்பட்ட ஊசி செய்ய வேண்டிய வேலைய நீங்க கல்யாணத்துல செய்யப் போறிய."

"வெடித்தால்?"

"வீடு இடியாது. பிடிச்சிருக்க கை போவும். குனிஞ்சிருந்தா முகமும்." பிறகு, "நாப்பது வருசம் ஆச்சு. மருந்து செத்துப் போயிருக்கலாம். சாவாமலும் இருக்கலாம். கொண்டாரும், கழட்டித் தாறேன். தட்டாம, போடாம கொண்டாரும்."

திரும்பி வரும் வழியெல்லாம் 'செத்துப் போயிருக்கலாம்' என்பதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு வந்தபோது மற்றது மட்டும்தான் நினைவில் நின்றது.

கால் வீக்கம். தைலம்.

ஆவணி 5, திங்கள்

சொல்ல வேண்டியதைக் காலையிலேயே எழுதி வைத்தேன்.

1. "கணபதி, ஒரு சிறு விஷயம்." (சிறு விஷயம் அல்ல.)
2. "கணபதி, நாழி ஆபத்தானது." (சிரிப்பார்.)
3. "கணபதி, நாழியை ராஜாக்கமங்கலத்துக்கு எடுத்துப்போக உத்தரவு வேண்டும்." (ஏன் என்பார்.)

நான் சொன்னால் ஏன் நம்ப மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏழு வருடம் முன்பு மைத்துனர் மகள் கல்யாணத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் தீ மேலே எழும்பியது. வெடிக்கப் போகிறது என்று கத்தியவன் நான். பந்தியிலிருந்து நூறு பேர் எழுந்து ஓடினார்கள். சாம்பார்ச் செம்பு கவிழ்ந்து சமையற்காரருக்குக் கால் வெந்தது. விளக்குக்காரன் வந்து திருகைத் திருகினான், தீ அடங்கியது. அன்றிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் பெட்ரோமாக்ஸ் பிள்ளை.

மூன்றாவதைச் சொன்னேன். பந்தல்காரனிடம் பேசிக்கொண்டே கேட்டார் கணபதி. இது பீரங்கித் தோட்டா, வெடிக்கலாம் என்று காகிதத்தைக் காட்டினேன். பார்த்தார்.

"மாமா, எங்க அக்காமாரு ரெண்டு பேரு கல்யாணம் இந்த நாழியிலதான். எங்க கல்யாணமும் இதுலதான். அதுக்கு அப்புறம் வெடிச்சது பகவதிக்க வாய் மட்டுந்தான்."

பந்தல்காரன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

சிமெண்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் உலகம்மை காதில் விழுந்துவிட்டது. "அண்ணாச்சி, அவ்வோ ஒட்டகத்துக்க பின்னால நடந்து சுமந்து கொண்டாந்த சாமானம். ஒம்ம பேத்திக்கு ஆவாதோ? விளக்கு வெடிக்கும்னீரு. இப்ப நாழி வெடிக்கும். நாளைக்குத் தேங்கா வெடிக்கும்."

நாழியைத் தூக்கிக் கொண்டுபோய்த் தன் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். தூக்கும்போது பெட்டி விளிம்பில் இடித்தது. 

ஆவணி 6, செவ்வாய்

சாரல். தேங்காய் இருநூறு வந்தது. எண்ணினேன். 198. மறுபடி எண்ணினேன். 200.

பகவதியிடம் சமையற்கட்டில் சொன்னேன். என் மகள், என்னை அறிந்தவள். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். கடைசியில் கண் கலங்கியது, நான் நினைத்த காரணத்தால் அல்ல.

"அப்பா, இந்த ஒரு கல்யாணம் ஒழுங்கா நடக்கட்டும்பா. அத்த ரெண்டு நாளா முகத்தத் தூக்கி வச்சிட்டிருக்கா. நீங்க இனி இதப் பேசப்பிடாது. எனக்காட்டு."

"நீதானம்மா தட்டப் போகிறாய்."

"தட்டுகேன். என்ன ஆவப் போவுது?"

வேறு வழிகள்:
போலீஸ். (கல்யாண வீட்டில் போலீஸ். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போவார்கள். வேண்டாம்.)
பெட்டிச் சாவி. (உலகம்மையின் இடுப்பில்.)
வேறு நாழி மாற்றி வைப்பது. (அடுத்த வீட்டில் மரநாழிதான் இருக்கிறது.)
நானே தட்டுவது. (சுமங்கலிதான் தட்ட வேண்டும். நான் கிழவன், மனைவியை இழந்தவன்.)
மருந்து செத்துப் போயிருப்பது. (இது வழி அல்ல, ஆசை.)

ஞானமுத்துவை அழைத்து வந்து சொல்லச் செய்யலாமா? உலகம்மை என்ன சொல்வாள் என்று எனக்கே கேட்கிறது: சாட்சிக்கு ஆள் பிடிச்சிட்டு வந்துட்டாரு.

ஆவணி 7, புதன்

வாழைமரம் கட்டியாயிற்று. மேளக்காரர்கள் சாயந்திரம் வருகிறார்கள்.  

இன்று ஒரு பொய் சொன்னேன். எழுதி வைக்க வேண்டும், பின்னால் மறந்து போய் உண்மை என்று நினைத்துவிடக்கூடாது.

உலகம்மை கூடத்தில் காசு வைக்கும் இடத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சிமெண்டில் கோலம் எடுப்பாக இருக்கிறது என்று அவளே மெச்சிக்கொண்டாள். அப்போதுதான் தோன்றியது. காரணம் சொன்னால் இவளுக்குக் கோபம் வருகிறது. வழக்கம் சொன்னால்?

"எங்க அம்மை வீட்டுல," என்று ஆரம்பித்தேன். குரல் என்னுடையது போல் இல்லை. "எங்க அம்மை வீட்டுல நிறைநாழிக்கு வெறும் தரை ஆகாது. வாழையிலை விரிச்சு, இலை மேல நெல்லு கனமாப் பரப்பி, அதுக்கு மேலதான் நாழிய வைக்கது. சக்கரத்த அடியில வைக்க மாட்டாவ. நாழிக்குள்ள, நெல்லுக்குள்ள. சக்கரம் மிதிபடப்பிடாதுன்னு."

உலகம்மை மாக்கையோடு நிமிர்ந்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"சக்கரம் மிதிபடப்பிடாது. அது உள்ளதுதான்," என்றாள். "இத மொதல்லயே சொன்னா என்ன, அண்ணாச்சி? வெடிக்கும் வெடிக்கும்னு ஒப்பாரி வச்சீரே. முறைன்னா முறைன்னு சொல்லணும்."

உடனே பகவதியைக் கூப்பிட்டு மூன்று மரக்கால் புதுநெல் எடுத்து வைக்கச் சொன்னாள்.

எங்கள் அம்மை வீட்டில் நிறைநாழி வைத்ததை நான் பார்த்ததே இல்லை. அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது.

ஆவணி 8, வியாழன்

மாலை நாலு மணி. எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

காலை 7.40. இலை விரித்தார்கள். நெல் பரப்பினார்கள். போதாது என்று தோன்றியது. இன்னும் இரண்டு கை நானே போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம் தெரிந்தவன் என்று இடம் விட்டார்கள்.

பகவதி நாழியை இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினாள். செண்பகம் குனிந்து பார்த்தாள். குனியாதே என்று சொல்ல வாய் திறந்தேன். நாகசுரம் அதை விழுங்கிவிட்டது.

ஒன்று. நெல்லுக்குள் மெத்தென்று ஒரு சத்தம்.

இரண்டு.

மூன்றாவது கொஞ்சம் சாய்வாக விழுந்தது. விளிம்பு நெல்லை ஒதுக்கிவிட்டது. இலை தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணை மூடியிருந்தேன். கண்ணைத் திறந்தபோது பகவதி காதோரம் வேர்வை துடைத்துக்கொண்டிருந்தாள், வலது கையால்.

தாலி 8.10. நல்லபடி. சாம்பாரில் உப்புக் கூடுதல் என்று சிலர்.

பெண்ணை அனுப்பும் நேரத்தில் உலகம்மை எல்லார் முன்னாலும் நாழியை நெல்லோடு தூக்கிச் செண்பகம் கையில் கொடுத்துவிட்டாள். "எம் பேத்திக்கு நான் வேற என்னத்தக் குடுக்க? தெனமும் இதுல அரிசி அள," என்றாள். எல்லாரும் கண் துடைத்தார்கள்.  மாப்பிள்ளை வீடு வடசேரி. கருங்கல் பாவிய தரை. நிச்சயத்துக்குப் போனபோது பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா வண்டியில் ஏறப் போனாள். பின்னாலேயே போனேன்.

"அம்மா, எங்க பக்கத்து முறை ஒண்ணு. நாழி மறுவீட்டுக்குத் திரும்பி வரணும். அதுவரைக்கும் அதுல அளக்கப்பிடாது. நெல்லு மேல வச்சு, சாமி அறையில, யாரும் தொடாம."

"ஆவட்டும் அண்ணாச்சி. நல்ல வேள சொன்னிய. நாங்க டவுண்காரிய, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பொய் இப்போது திக்காமல் வருகிறது. அதுவும் பயமாக இருக்கிறது.

ஆவணி 9, வெள்ளி

மழை. ஒன்றும் செய்யவில்லை. தெருவில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறேன். இன்று நாலு முறை. சொன்னபடி வைத்திருப்பார்களா? செண்பகம் துறுதுறுப்பான பெண். நெல்லைக் கொட்டிவிட்டுத் தேய்த்து வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றினால்?

ஆவணி 10, சனி

மறுவீடு. ஓணமும் சேர்ந்து வந்துவிட்டது. வடசேரி பஸ்ஸில் கூட்டமாம். பதினொரு மணிக்கு வந்தார்கள். செண்பகம் மடியில் நாழி, அதன் மேல் பட்டுத்துணி.

"தாத்தா, ஒங்க நாழி. யாரயும் தொட விடல்ல. எங்க மாமியா அதுக்கு மூணு வேளையும் சூடங் காட்டினா."

சூடம். எவ்வளவு பக்கத்தில் என்று கேட்கவில்லை.

மாலையில் நாழியைத் தேய்த்து வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். உலகம்மை தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது நான் முறை தெரிந்தவன்.

ஆவணி 11, ஞாயிறு

ராஜாக்கமங்கலத்துக்கு மறுபடியும் நடை. நாழியைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு, அடிப்பக்கம் வெளியே பார்க்க. பிறகு அடிப்பக்கம் உள்ளே. பிறகு மறுபடி வெளியே. வாய்க்கால் வரம்பில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கீழே இறங்கி வழிவிட்டேன். "கைப்பிள்ளையா அண்ணாச்சி?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள்.

ஞானமுத்து இரும்புத் துண்டை அராவி, கேப்பின் இரண்டு பள்ளத்துக்கும் பல் வைத்துத் தயாராக வைத்திருந்தார். மனைவியை அடுத்த வீட்டுக்கு அனுப்பினார். என்னைத் தென்னைக்குப் பின்னால் போகச் சொன்னார். போனேன். பிறகு திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றேன். ஏன் என்று தெரியவில்லை. 

கெட்டிப்பட்டிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். அரை மணி நேரம். தென்னைக்கு உரம் பற்றிப் பேசினார். திருகியது கடைசியில் எளிதாக வந்துவிட்டது.

குமிழுக்குள்ளிருந்த மருந்தைச் சிரட்டையில் கொட்டினார். கருப்பாக, கடுகு மாதிரி. இரண்டு தேக்கரண்டிகூட இல்லை. "நாப்பது வருசம். செத்திருக்கும், பாரும்," என்று சொல்லி, நீளமான ஓலைச் சூட்டைக் கொளுத்தித் தூரத்திலிருந்து நீட்டினார்.

ஆள் உயரத்துக்குத் தீ. புஸ் என்று ஒரே மூச்சு. வெள்ளைப் புகை. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சிரட்டையைக் காணவில்லை.

ஞானமுத்து கையிலிருந்த ஓலையை மணலில் குத்தினார்.  "சாரே, எத்தன தட்டு தட்டினாவ?"

"மூன்று."

ஓட்டையில் புன்னைமர ஆப்பு அடித்து, அராவித் தந்தார். மீரான் சாகிபுவிடம் அவரே சொல்லிக்கொள்வார். எங்கள் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்கு வீடு. நாழியில் நெல் அளந்து பார்த்தேன். ஒன்றேமுக்கால். மாற்றமில்லை. உலகம்மையிடம் கொடுத்தேன். அடுத்த தெருக் கல்யாணத்துக்கும் நெல் பரப்பித்தான் வைக்கப் போகிறார்களாம், அவள்தான் சொல்லிக் கொடுத்தாளாம்.

பகவதி காப்பி கொண்டு வந்தாள். தம்ளரைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து விரல், மோதிரம், சுண்டுவிரலில் பழைய சூட்டுத் தழும்பு.

"என்னப்பா பாக்குதிய? ஆறிப் போவும், வாங்குங்க."

வாங்க என் கை நீளவில்லை. அங்கே வை என்றேன்.